பரீட்சை அட்டை அளவு வாத்தியம்

தெட்சிணாமூர்த்தி ஒரு முடிவெடுத்தார். எடுத்த கையோடு, அதை மனைவி அமுதத்திடம் சொல்வதில்லை என்று இன்னொரு முடிவும் எடுத்தார். முதல் முடிவு பத்து நிமிஷத்தில் முடிந்த காரியம். இரண்டாவதுதான் மனுஷனை அரைத்து எடுத்துவிட்டது.

பகலில் அவர் காரைக்காலில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால் 'கடலலை மெல்லிசைக் குழு'வின் தாளக்காரர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தக் குழுவில் தபலாவும் பாங்கோவும் அவர்தான். குரும்பகரத்துக் கச்சேரி ஒன்றில் கரண்டு போய், பாடகர் இறங்கிப் போய், கேட்டவர்கள் பாய் சுருட்டிய பிறகும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்த பெருமை அவருக்கு உண்டு. இருட்டில் எல்லோரும் போனது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

குழுத் தலைவர் பாலகுரு. கிட்டார் வாசிப்பார். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். எதையும் ரூம் காலி செய்யச் சொல்கிற குரலில்தான் சொல்வார்.

“தெட்சிணா, மாயவரத்துக்காரன் ஒருத்தன் பேட் வச்சிருக்கான். ரப்பர் பலகை மாதிரி. தட்டுனா இடி இடிக்குது, குதிரை ஓடுது, கண்ணாடி ஒடையுது. மாங்கனித் திருவிழாவுக்கு அவனைக் கூப்புடுங்கன்னு கமிட்டியில சொல்றாங்க.”

“அப்ப நான்?”

“நீ ஜால்ரா தட்டேன்.”

தெட்சிணாமூர்த்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. பகலெல்லாம் ஆபீசில் மேலதிகாரிக்கு அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலமுமா?

“அதே பேட் எங்கிட்ட இருந்தா?”

“இருந்தா நீதான். இல்லாட்டி ஜால்ரா.”

முதல் முடிவு பிறந்தது அப்போதுதான்.

பேட் கிடைப்பதில் சிக்கல் இல்லை. அடுத்த வீட்டு நூர் அகமது சிங்கப்பூருக்கும் காரைக்காலுக்குமாகப் போய்வருகிற வியாபாரி. தெருவே அவர் பெட்டியை நம்பித்தான் மணி பார்த்தது, ரேடியோ கேட்டது, சென்ட் பூசியது. தெருவுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. “ஒரு தடவைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு சாமான். அதுக்கு மேல போனா கஸ்டம்ஸ்காரன் என்னையே சாமானா எடுத்து வச்சுக்குவான்.”

சிக்கல் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. முந்தின தடவைகளில் தெட்சிணாமூர்த்தி வீட்டுப் பங்கு அவருடைய டிரான்சிஸ்டராகவும், அவர் கையில் மினுக்குகிற கடிகாரமாகவும் வந்து இறங்கியிருந்தது. இந்தத் தடவை மிக்ஸி என்று அமுதம் சொல்லிவைத்திருந்தாள். அவரும் தாராளமாகத் தலையாட்டியிருந்தார். அமுதத்துக்கு வலது தோள்பட்டையில் வலி. அம்மியில் அரைத்துவிட்டு எழுந்தால் அந்தக் கையைத் தூக்கித் தலைசீவ முடியாது. திருவாரூரில் கட்டிக்கொடுத்த மகள் வரும்போதெல்லாம், “அப்பா, அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் குடுங்களேன்” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார். அதனால்தான் அன்றைக்கு நூர் அகமது வீட்டுப் படியேறும்போதே கால் கூசியது.

ஆனால் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை பார்த்துவிட்டுப் போனார். ஸ்டீல் பீரோவுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கையை விட்டார்.

“என்ன தேடுறீங்க?” என்றாள் அமுதம்.

“பேனா மூடி.”

“சட்டைப் பையில பேனாவோட இருக்கு.”

“ஓ.”

பேனா மூடி கிடைத்துவிட்டது. கூடவே அளவும் கிடைத்துவிட்டது. பீரோவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரற்கடை. இவர் சாமானைத் தேர்ந்தெடுக்கக் கிளம்புவதற்கு முன்னால், அதை ஒளிக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

நூர் அகமது தன் வீட்டுக் கூடத்தில் வழவழப்பான படப்புத்தகம் ஒன்றை விரித்துவைத்திருந்தார். சிங்கப்பூர்க் கடைக்காரன் கொடுத்தது. திரைக்கு அந்தப்பக்கம் அவர் மனைவி கமருன்னிசா வெங்காயம் நறுக்குகிற சத்தம் டக் டக்கென்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, மூணு இருக்கு. இது பெருசு. ஸ்டாண்டு, குச்சி எல்லாம் உண்டு.”

“கட்டில் மாதிரி இருக்கே பாய். வேண்டாம்.”

“இது ரெண்டாவது. நல்ல சாமான். சத்தமும் உள்ள, ஸ்பீக்கரும் உள்ள. எடுத்து வச்சுத் தட்ட வேண்டியதுதான்.”

“உயரம் எவ்வளவு இருக்கும்?”

“ஒரு ஆர்மோனியப் பெட்டி இருக்கும்.”

“அது போகாது.”

“எங்க போகாது?”

“மேடையில இடம் போகாதுன்னு சொல்றேன். மூணாவது?”

மூணாவது, படத்திலேயே பதுங்கியிருந்தது. பரீட்சை எழுதுகிற அட்டை அளவு. எட்டு ரப்பர்க் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு குட்டி விளக்கு. விரலால் தட்டினால் போதும்.

“தடிமன்?” என்றார் தெட்சிணாமூர்த்தி.

“ரெண்டு விரற்கடை இருக்கும்.”

“கனம்?”

“கனமே இல்ல. அண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க வாசிக்க வாங்குறீங்களா, ஒளிய வைக்க வாங்குறீங்களா? சத்தம் எப்படி இருக்கும்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லையே.”

“தாளம் விரல்ல இருக்கு பாய். பெட்டியில என்ன இருக்கு?”

பிற்பாடு இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெட்டியில் என்ன இருக்கிறது என்பது படத்துக்குக் கீழேயே எறும்பு சைசில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டே பதவி உயர்வு வாங்கியவர் அவர். எறும்பையெல்லாம் மதிப்பாரா?

“கன்ட்ரோலர்னு பேர் போட்டிருக்கு அண்ணே.”

“தாளத்தைக் கன்ட்ரோல் பண்றது. இதையே எடுத்துக்குங்க.”

“சரி. ஆனா உங்க வீட்டுக்கு மிக்ஸின்னுல்ல அமுதம் அக்கா சொல்லியிருக்காங்க?”

இங்கேதான் அந்த மனுஷன் அந்தப் பொய்யைச் சொன்னார். யோசித்துச் சொல்லியிருந்தாலாவது போகட்டும். எச்சில் விழுங்குகிற மாதிரி சர்வசாதாரணமாகச் சொன்னார்.

“அதுவா? மிக்ஸி வேண்டாம்னுட்டா பாய். அம்மியில அரைக்கிற ருசி வராதாம். அரைக்கலேன்னா அவளுக்குக் கை நமநமங்குதாம்.”

திரைக்கு அந்தப்பக்கம் வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது.

கால் நூற்றாண்டாகத் தாளம் போடுகிறவர். நின்ற தாளம் மட்டும் அவர் காதில் விழவில்லை.

மாசியில் போன நூர் அகமது, வைகாசிக் கடைசியில் திரும்பிவந்தார். அந்தத் தெருவில் பெட்டி பிரிக்கிறது என்றால் அது பெண்கள் கச்சேரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, துணியை முகர்ந்து, சோப்பைத் தட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆம்பிளைகளுக்கு உண்டானதை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அமுதமும் போயிருந்தாள். மத்தியானம் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். முந்தானைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். சிங்கப்பூர்த் துணியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தெட்சிணாமூர்த்தி பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

மறுநாள் நூர் அகமது, கைலியில் சுற்றிய அட்டையை அவர் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

“அண்ணே, இதோட சேர்ந்தது இன்னொரு...”

உள்ளே கமருன்னிசா இருமினாள். நல்ல, நிதானமான இருமல்.

“...இன்னொரு நாள் பேசுவோம்ணே,” என்று நூர் அகமது வாக்கியத்தை வேறு தண்டவாளத்துக்கு மாற்றிவிட்டார்.

சட்டைக்குள் சொருகிக்கொண்டு வந்த அட்டை, பீரோவுக்கு அடியில் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. உட்காராமல் என்ன? அளவெடுத்துத்தானே வாங்கினார்.

அடுத்த வேலை, மிக்ஸிக்குச் சமாதானம். அதற்காகப் பதில்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தார். சிங்கப்பூரில் ஸ்டாக் இல்லை, கஸ்டம்ஸில் கெடுபிடி, வோல்டேஜ் ஒத்துவராது. அழுதால் ஒரு பதில், கத்தினால் ஒரு பதில்.

“அமுதம், பாய்க்கு மிக்ஸி கெடைக்கலையாம்.”

“அப்படியா? சரி.”

அவ்வளவுதான். தயாரித்த பதில்களையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு தெட்சிணாமூர்த்தி நின்றார். அவள் கொல்லைப்பக்கம் போய் அம்மி முன்னால் உட்கார்ந்தாள். தேங்காயை வைத்தாள். இடது கையால் வலது தோளை ஒருமுறை பிடித்துவிட்டுக்கொண்டு குழவியைத் தள்ளினாள். அப்போது பார்த்துச் சுவருக்கு அந்தப்பக்கம், நூர் அகமது வீட்டில், குர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

“கமரு வீட்டுக்கு மிக்ஸி வந்திருச்சு போல,” என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“ஆமா. குடுத்து வச்சவ.”

குழவி ஒருதரம் போய் வந்தது. அமுதம் உதட்டைக் கடித்தாள். இன்னொருதரம் போய் வந்தது. தெட்சிணாமூர்த்திக்குத் தன் விரல்களைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நகம் வெட்டிப் பவுடர் போட்டுப் பாதுகாக்கிற விரல்கள்.

“தள்ளு, நான் அரைக்கிறேன்.”

“நீங்களா?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

இரண்டாம் பேச்சு பேசாமல் அமுதம் எழுந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் இரண்டாம் பேச்சு பேசாமல் இருந்ததில்லை. அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றைக்குத் தேங்காய்ச் சட்னியில் ஆரம்பித்தது. மறுநாள் மீன் குழம்புக்கு மிளகாய். அதற்கு மறுநாள் மிளகு, சோம்பு, இஞ்சி. “பாவம், நீங்க ஏங்க கஷ்டப்படுறீங்க” என்று சொல்லிக்கொண்டே அமுதம் அடுத்ததை எடுத்து வைப்பாள். அவர் நெஞ்சில் இருந்த பொய்யின் கனத்துக்கு, குழவியின் கனம் ஒரு பரிகாரம் மாதிரி இருந்தது. அரைக்க அரைக்கக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நிமிர்ந்து அவள் தோளைப் பார்த்தால் மறுபடியும் அடைத்துக்கொண்டது.

தெருவுக்குத் தெரியக்கூடாது என்று கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைத்தார். கதவைச் சாத்தலாம். கையைச் சாத்த முடியுமா? தாளக்காரன் கை. தள்ளும்போது ஒரு தட்டு, இழுக்கும்போது ஒரு வீச்சு, தண்ணீர் தெளிக்கிற இடத்தில் ஒரு சின்ன முத்தாய்ப்பு என்று தெரு முழுக்கக் கேட்டது. அதே தெருவில் இருக்கிற பாலகுருவின் மனைவி குஞ்சம்மா மார்க்கெட்டில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நேத்து உங்க வீட்ல மீன் கொழம்பா? ஆதி தாளத்துல கேட்டுச்சே.”

ஆபீசில் மூக்கைச் சொறிந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “வீட்ல ஏதும் துக்கமா?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். இல்லை, வரமிளகாய் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு நடுவில் சாதகமும் நடந்தது. அமுதம் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து, விறகு அடுக்கியிருந்த கொட்டகைக்குள் உட்கார்ந்து, டார்ச்சிலிருந்து உருவிய பேட்டரியைப் போட்டுத் தட்டினார். பொத் பொத்தென்று ரப்பர் சத்தம். தட்டின கட்டத்துக்கு மேலே சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, குதிரை ஓடவில்லை.

அவர் கலங்கவில்லை. பாலகுருவின் கிட்டாரே அப்படித்தான். ஒயர் மாட்டாமல் மீட்டினால் கொசு முனகுகிற மாதிரி இருக்கும், ஒயரைச் சொருகினால் தெருவே அதிரும். இதுவும் அந்த ஜாதிதான் என்று தீர்மானித்துவிட்டார். பின்பக்கத்தில் கிட்டார் ஒயர் போகிற அளவில் ஒரு ஓட்டையும் இருந்தது. போதாதா? பக்கத்தில் அஞ்சு ஓட்டையோடு ஒரு வட்டம், அதற்கு மேல் 'மிடி' என்று எழுதியிருந்தது. மிடி என்றால் அவருக்குத் தெரிந்தது, மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிப் போட்டுக்கொண்ட பாவாடைதான். பெட்டிக்கு எதற்குப் பாவாடை என்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. வீட்டில் சத்தம் வராத வாத்தியம், எவ்வளவு நாகரிகமானது என்று மெச்சிக்கொண்டார்.

ஒத்திகையில் ஒருதரம் ஒயர் மாட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒத்திகை நடப்பது பாலகுரு வீட்டில். குஞ்சம்மா காதில் விழுந்தால் அமுதத்தின் காதில் விழுந்த மாதிரி.

“எப்படிப்பா இருக்கு சாமான்?” என்று பாலகுரு கேட்டார்.

“மேடையில பாருங்க. இப்பவே காட்டுனா ருசி போயிரும்.”

“இதை நம்பி மாயவரத்துக்காரனை வேண்டாம்னு சொல்லிட்டேன் தெட்சிணா. உன் தபலாவையும் கொண்டுவராதே. பழசு பக்கத்துல இருந்தா புதுசு எடுபடாது.”

“தேவையே படாது.”

மேடையில் வாசித்தால் அமுதம் பார்த்துவிடுவாளே என்று கேட்கலாம். அதற்கும் திட்டம் வைத்திருந்தார். ஊர் கைதட்டுகிற நேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது. கைதட்டலோடு சேர்த்துச் சொன்னால் குற்றம் பாதியாகக் குறையும் என்பது அவர் கணக்கு. ஊரே மெச்சுகிற புருஷனை ஒரு மிக்ஸிக்காக யார் திட்டுவார்கள்?

ஆனி பிறந்தது. மாங்கனித் திருவிழா வந்தது. காலையில் சுவாமி வீதிவலம் வர, மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைத்தார்கள். கீழே ஜனங்கள் முந்தானையிலும் துண்டிலும் ஏந்தினார்கள். சாயங்காலம் கச்சேரி மேடைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் மடியெல்லாம் பழம்தான். அமுதம் முன்வரிசையில் கமருன்னிசாவோடு வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய துணிப்பை.

“பையில என்ன?” என்று மேடைக்குப் போகிற வழியில் நின்று கேட்டார்.

“மாம்பழம்,” என்றாள். மேலாகத் தெரிந்ததும் மாம்பழம்தான்.

பாலகுரு மைக்கைப் பிடித்தார். “காரைக்கால் மண்ணில் முதன்முறையாக, சிங்கப்பூரிலிருந்து நேரடியாக வரவழைக்கப்பட்ட எலெக்ட்ரானிக் பேட். தட்டுவது, நமது தெட்சிணாமூர்த்தி.”

தெட்சிணாமூர்த்தி வணக்கம் சொன்னார். மடியில் அட்டையை வைத்தார். கிட்டார் ஒயரைச் சொருகினார். கழுத்தைச் சொடுக்கினார். இடிக்கென்று நினைத்த கட்டத்தில் பலமாக ஒரு தட்டு தட்டினார்.

பொத்.

சிவப்பு விளக்கு மினுக்கியது.

இன்னொரு தட்டு. பொத். மினுக். மைக்செட்காரர் குமிழைத் திருகினார். ஒலிபெருக்கி ஊய்யென்று ஊளையிட்டு அடங்கியது. எட்டுக் கட்டத்தையும் எட்டு விரலால் மாறிமாறி அடித்தார். விளக்குகள் எல்லாம் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ஓடின. சத்தம் மட்டும் இல்லை.

“என்ன பண்றாரு?” என்றது ஒரு குரல்.

“டைப் அடிக்கிறாருப்பா. ஆபீஸ் வேலையை முடிக்காம வந்துட்டாரு.”

சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைக்கு வந்தது. எங்கிருந்தோ ஒரு மாம்பழம் பறந்து வந்து நேரே பேட் மேல் விழுந்தது. தொப்பென்று கேட்டது. அன்றைக்கு அந்த வாத்தியத்திலிருந்து வந்ததில் பெரிய சத்தம் அதுதான்.

பாலகுரு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “ஜால்ராவாவது கொண்டாந்தியா?”

தெட்சிணாமூர்த்திக்குக் காதுமடல் எரிந்தது. மாம்பழச் சாறு வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை எழவில்லை. அத்தனை பேர் சிரித்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பொம்பளையின் தோள்வலிக்கு உண்டான மருந்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து இடி வரும் என்று உட்கார்ந்திருக்கிறோமே என்ற நினைப்புதான் சுட்டது. அமுதம் எழுந்திருப்பதைப் பார்த்தார். எழுந்து போகிறாள். போகட்டும். இப்படி ஒரு புருஷனைத் தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளாமல் போவதுதான் நியாயம்.

அவள் போகவில்லை. துணிப்பையோடு மேடைப்பக்கம் வந்தாள். படியேறினாள். முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இதை வீட்லயே மறந்துட்டு வந்துட்டீங்க.”

பையிலிருந்து மாம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். அடியில் அவளுடைய பழைய புடவையில் சுற்றிய கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. கூடவே ஒரு தடித்த ஒயர். தெட்சிணாமூர்த்தி அந்தப் பெட்டியைப் பார்த்தார். பேட் மேல் இருந்த அதே கம்பெனி எழுத்து.

“என்ன இது?” என்றார்.

“சத்தம். நீங்க வச்சிருக்கிறது தட்டுறதுக்கு. சத்தம் இதுக்குள்ள இருக்கு. அந்த அஞ்சு ஓட்டைல இந்த ஒயரைச் சொருகுங்க.”

“ஒயர்தான் சொருகியிருக்கேனே.”

“அந்த ஓட்டை கால்ல மிதிக்கிற சுவிட்சுக்குங்க. பெட்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“அவ்வளவு சின்ன எழுத்தைப் படிச்சியா?”

“நான் படிச்ச கான்வென்ட்ல சின்ன எழுத்தைத்தான் முதல்ல படிக்கச் சொல்வாங்க. அண்ணே,” என்று மைக்செட்காரர் பக்கம் திரும்பினாள். “உங்க ஒயரை இந்தப் பெட்டிக்குக் குடுங்க.”

தெட்சிணாமூர்த்தி முதல் கட்டத்தைத் தட்டினார். ஒலிபெருக்கியிலிருந்து பளார் பளாரென்று கைதட்டல் சத்தம் வந்தது. பெட்டிக்குள் அப்படி ஒரு சத்தமும் வைத்திருக்கிறான் அந்தக் கம்பெனிக்காரன். ஊர் கைதட்டும்போது குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தவருக்கு அன்றைக்குக் கிடைத்த முதல் கைதட்டல், அவரே தட்டிக்கொண்டது.

அப்புறம் இடி இடித்தது. குதிரை ஓடியது. கண்ணாடி உடைந்தது. ஜனங்கள் நிஜமாகவே கைதட்டினார்கள். பாலகுரு தோளில் தட்டி, “நீதான்யா” என்றார். தெட்சிணாமூர்த்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை. நிமிர்ந்தால் முன்வரிசை தெரியும். முன்வரிசையில் அமுதம் நிம்மதியாக மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, “அமுதம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தார்.

“நாளைக்கு அரைக்கிறப்ப சொல்லுங்க. இப்ப நடங்க.”

மறுநாள் காலையில் அம்மி முன்னால் உட்கார்ந்தார். அமுதம் தேங்காய்ச் சில்லும் பச்சைமிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். குழவியைப் பிடித்துக்கொண்டே, குழவியிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

“மிக்ஸி வேண்டாம்னு நீ சொன்னதா பாய்கிட்ட சொல்லிட்டேன். உனக்குக் கை நமநமங்குதுன்னு சொன்னேன். என்னை நாலு வார்த்தை கேட்டுரு அமுதம். கேட்டுட்டா தேவலை.”

“தெரியும். வெங்காயம் நறுக்கிட்டிருந்தவ அன்னைக்கே வந்து சொல்லிட்டா.”

“அன்னைக்கேவா?”

“நீங்க வீட்டுப் படியேர்றதுக்கு முன்னாடி. பெட்டி பிரிச்சப்ப உங்க அட்டைப் பெட்டிக்குள்ள ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு இல்லாம ஒண்ணு பேசாதாம், கடைக்காரன் சேர்த்துதான் தருவேன்னு பாய்கிட்ட குடுத்துட்டான். ஒண்ணு உங்களுக்குப் போகட்டும், ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.”

தெட்சிணாமூர்த்தி கொஞ்ச நேரம் அரைத்தார். சத்தத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இவள் கூடத்தைக் கடந்து போனபோது, தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

“அந்தப் பெட்டி இப்ப எங்க?”

“என் பீரோவுல. பூட்டியிருக்கு.”

“அப்ப இனிமே கச்சேரிக்கு?”

“கேளுங்க, தர்றேன். தாளம் உங்களுது. சத்தம் எங்கிட்ட இருக்கட்டும்.”

கன்ட்ரோலர் என்று படத்தில் போட்டிருந்தது யாரைப் பற்றி என்று அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. சுவருக்கு அந்தப்பக்கம் குர்ர்ர் என்றது. தெட்சிணாமூர்த்திக்கு மனசு உருகிவிட்டது. செய்த பாவத்துக்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாகக் கழுவிவிட நினைத்தார்.

“அமுதம், அடுத்த தடவை பாய் போறப்ப கண்டிப்பா உனக்கும் ஒரு மிக்ஸி. சத்தியம். கமரு வீட்ல இருக்கே, அதே மாதிரி.”

“அதே மாதிரி எதுக்கு? அதுவே நம்மளுதுதான்.”

குழவி நின்றது.

“அவ பங்குல சேர்த்துக் கொண்டாரச் சொன்னேன். வந்த அன்னைக்கிலேருந்து அங்க இருக்கு. கமருதான் ஓட்டிப் பழகிட்டிருக்கா.”

“ஏன், நம்ம வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருக்கலாமே?”

“எடுத்துட்டு வந்தா நீங்க அரைக்க மாட்டீங்களே,” என்றாள் அமுதம். “கை நிக்கிது பாருங்க. அரைங்க.”